கடை மூடுகிறோம், உள்ளே வாருங்கள்

குருவை வேலையிலிருந்து அனுப்பிய அன்று, தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த இளைஞர் 'நீக்கம்' என்ற சொல்லை ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. 'வளர்ச்சியை நோக்கிய மறுசீரமைப்பு' என்றார். திரையில் ஒரு பச்சை அம்பு கீழிருந்து மேலே ஏறியது. அம்பின் அடியில் சின்னதாக ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அந்தப் பெட்டி தாம்தான் என்பது கூட்டம் முடிந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தபோதுதான் குருவுக்கு விளங்கியது.

போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில், கொள்கலன்களுக்குப் பத்திரம் தயாரிக்கும் பகுதியில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவர் அவர். வீடு பக்கத்திலேயே, பண்டமாரானில். அந்த வருஷம் அமெரிக்கா வரி போடுகிறது என்றார்கள், போடவில்லை என்றார்கள், தள்ளி வைத்திருக்கிறது என்றார்கள். சரக்கு அனுப்புகிறவர்கள் குழம்பினார்கள். அவர்களைப் பார்த்துக் கம்பெனியும் குழம்பியது. உலகப் பொருளாதாரத்தின் குழப்பத்துக்குத் தன்னால் ஆன தீர்வாக, குருவையும் இன்னும் சிலரையும் இழப்பீடு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

வேறு ஒருவராக இருந்தால் திட்டம் என்ற சொல்லையே வெறுத்திருப்பார். குரு வேறு பாடம் படித்துக்கொண்டார்.

"திட்டம் போடற மேசைக்கு ரெண்டு பக்கம் இருக்கு ரமணி. நான் இத்தன வருசமா தப்பான பக்கத்துல உக்காந்துட்டேன்."

அவர் மனைவி ரமணி அப்போது கணினியில், கண்ணீர் அஞ்சலிப் பேனர் ஒன்றில் இருந்த பெரியவரின் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கம் வேணா உக்காருங்க. அந்த நாற்காலி மட்டும் கஸ்டமருக்கு" என்றார் திரும்பாமலே.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில், பெரிய சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருந்தது 'ரமணி பிரிண்டிங்'. காதணி விழா, கோயில் திருவிழா, அறுபதாம் கல்யாணம், இறப்பு, கடைத் திறப்பு என்று ஊரில் எது நடந்தாலும் அது முதலில் ரமணியின் அச்சு இயந்திரத்தில் நடந்துவிட்டுத்தான் ஊருக்குள் வரும். கடையை ஆரம்பித்தவர், நடத்தியவர், இயந்திரம் அடம்பிடித்தால் அதைத் தட்டிக் கொடுக்கத் தெரிந்தவர் எல்லாம் ரமணி ஒருவரே. இப்போது அதில் வியூக இயக்குநர் என்று ஒருவர் சேர்ந்தார். அவருக்கு உட்கார நாற்காலி இல்லாததால் பேனர் அடிக்கும் வினைல் சுருளின்மேல் உட்கார்ந்தார்.

பதவிக்கு வந்ததும் குரு செய்த முதல் காரியம், ஷா ஆலமில் ஒரு ஹோட்டலில் நடந்த பயிலரங்குக்குப் போனது. 'நிச்சயமற்ற பொருளாதாரக் காலத்தில் லாபகரமான வளர்ச்சிக்கான வியூகச் சந்தைத் திட்டமிடல்' என்பது தலைப்பு. அந்தத் தலைப்பை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதே பாதிப் பயிற்சி. பயிற்சியாளர் நீலக் கோட்டும் அதே நீலத்தில் காலணியும் அணிந்து, கன்னத்தில் மைக் ஒட்டிக்கொண்டு, மேசைகளுக்கு இடையே புலியைப்போல உலவினார். பக்கத்தில் இருப்பவரின் கையைத் தட்டி "நான் சிங்கம்" என்று சொல்லச் சொன்னார். குருவின் பக்கத்தில் இருந்தவர் பக்கத்து ஊரான மேருவில் தேங்காய் மொத்த வியாபாரம் செய்பவர். யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் அவர் "நான் சிங்கம்" என்று குருவின் காதில் ரகசியமாகச் சொன்னார்.

"நெருக்கடியை நேசியுங்கள்!" என்றார் பயிற்சியாளர். "வாடிக்கையாளரின் வாழ்க்கைப் பயணத்தில் ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். முழுப் பயணத்தையும் பிடியுங்கள்!" தாம் பல தொழில்களில் விழுந்து எழுந்தவர் என்றும் சொன்னார். அவை என்ன தொழில்கள் என்று சொல்லவில்லை. பார்த்தவரை, எழுந்து நின்றது இந்தத் தொழில் ஒன்றுதான்.

மதியச் சாப்பாட்டில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் பிரமாதமாக இருந்தது. குருவின் நம்பிக்கைக்கு அதுவும் ஒரு காரணம்.

திரும்பி வந்து சந்தை ஆய்வில் இறங்கினார். ஆய்வு என்றால், காலையில் பசியாறிவிட்டு லிட்டில் இந்தியாவைச் சுற்றி நடப்பது. நடந்ததில் அவருக்கு ஒன்று பட்டது. கடை திறக்கிறவர்கள் வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, வாசல் நிறையப் பேனர் தொங்கவிட்டுத் திறக்கிறார்கள். மூடுகிறவர்கள் ஒரு நாள் இரும்புக் கதவை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். சிலர் மட்டும் விலையைக் குறைத்து, 'கழிவு விலை' என்று பேனர் ஒன்றைக் கட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பேனர்கள் எதுவும் ரமணி அடித்தவை அல்ல.

"திறக்கறவங்க நம்மகிட்ட வர்றாங்க. மூடறவங்க எங்க போறாங்க?" என்று கேட்டார்.

"வெட்கமா இருக்கும்ல? தெறப்பு விழாவுக்கு அடிச்ச எடத்துலயே வந்து மூடறேன்னு நிப்பாங்களா? காப்பார் பக்கம் எங்கியாச்சும் போயி அடிச்சிக்குவாங்க."

குரு சுருளிலிருந்து எழுந்துவிட்டார். "அதான் ஓட்டை! பயணத்துல பாதிதான் நம்மகிட்ட இருக்கு!"

அப்படிப் பிறந்தது 'முழுப் பயணத் தொகுப்பு'. திறப்பு விழாவுக்கு ஒரு பேனர், முதலாண்டு நிறைவுக்கு ஒன்று, கடை மூடும்போது ஒன்று. மூன்று பேனர், இரண்டின் விலை. "இத வெளிய காட்டாதீங்க" என்று ரமணி சொல்லிவிட்டுத்தான் பேங்குக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் குரு விலைத்தாளைக் கண்ணாடி மேசைமேல் ஒட்டினார்.

ஒட்டி முடிக்கவும், வீரம்மா என்ற அம்மையார் தம் மகள் தாமரையோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. தாமரை அழகு நிலையம் திறக்கப்போகிறார். நல்ல நாள் பார்த்தாகிவிட்டது. அம்மா தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், முன்பணம் எல்லாம் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"மூணு பேனர்னு போட்டிருக்கே, மூணாவது எதுக்குங்க தம்பி?" என்று வீரம்மா கேட்டார்.

"அது கடைசிக் கட்டம்மா. கடைய மூடறப்ப கட்டறது. இப்பவே எடுத்துக்கிட்டா வெல கம்மி. தேதிய மட்டும் காலியா விட்டுடுவோம். அப்புறம் நீங்களே எழுதிக்கலாம்."

வீரம்மா தட்டை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏம்பா, கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தா கருமாதிப் பத்திரிகையும் சேத்து அடிச்சிக் குடுப்பியா?"

அவர் திட்டுகிறார் என்பது குருவுக்குப் பிடிபடவில்லை. கேள்வி கேட்கிறார் என்று நினைத்து ஒரு கணம் யோசித்தார். "அது வேற மார்க்கெட்மா. ஆனா நல்ல ஐடியா" என்றார்.

வீரம்மா வாசலில் நின்று பேசியது சந்து முழுக்கக் கேட்டது. பெரிய சாலைக்குப் போய்ப் பேசியது பூக்கடை வரை கேட்டது. ரமணி பேங்கிலிருந்து திரும்பும் வழியிலேயே மூன்று பேர் அவரை நிறுத்தித் துக்கம் விசாரித்தார்கள். ரமணி வந்தார், விலைத்தாளைக் கிழித்தார், வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி வைத்தார். அதன்பிறகு கொஞ்ச நாளைக்கு அச்சு இயந்திரத்தோடு மட்டும் பேசினார்.

குருவுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். அந்தப் பெண் தாமரையின் முகம் வாடியதை நினைத்து நினைத்துப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகலாம் என்று சட்டை மாட்டிக்கொண்டு நின்ற காலையில்தான் யூனுஸ் பாய் கடைக்குள் நுழைந்தார்.

யூனுஸ் பெரிய சாலையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா கப்பலேறி வந்து போட்ட கடை. ஆடி மாதம். துணிக்கடைகளில் மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. வீரம்மாவின் கதையைக் கேட்டு யூனுஸ் சிரித்திருக்கிறார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்திருக்கிறார்.

"தம்பி, அந்த மூணாவது பேனர் எனக்கு ஒண்ணு வேணும். ஒண்ணாவது ரெண்டாவது வேணாம்."

"ஐயோ! பாய், கடைய மூடப் போறீங்களா?"

"யார் சொன்னா?"

"பேனர் சொல்லுமே பாய்."

"பேனர் சொல்லட்டும். நான் சொல்லலையே."

குரு அவரை உற்றுப் பார்த்தார். பயிலரங்கில் கைதட்டித் தேடிய சிங்கம் எதிரே கைலி கட்டிக்கொண்டு நின்றது.

சிவப்பில் மஞ்சள் எழுத்து. மேலே மலாயில், கீழே தமிழில்: 'கடை மூடுகிறோம்! எல்லாம் போக வேண்டும்!' பேனர் ஏறிய மறுநாளே கூட்டம் வந்தது. "பாய், எங்கம்மா கல்யாணப் பொடவ இங்கதான் எடுத்தாங்க" என்று ஒரு பெண் தேம்பினார். தேம்பிக்கொண்டே கைநிறையப் புடவை எடுத்தார். யூனுஸும் அழுதார். அவர் அழுகையில் பொய் இல்லை. அறுபது வயதில் ஒரு மனிதனிடம் வந்து ஊரே 'நீ இல்லாமல் என்ன செய்வோம்' என்றால் யாருக்குத்தான் கண் கலங்காது? கடை மூடுவது மட்டும்தான் பொய்.

அவர் மனைவி அமீனா பீவிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பூச்சோங்கிலிருந்து தங்கை சட்டி நிறைய நெய்ச்சோறு ஆக்கிக் கொண்டுவந்து, "கஷ்டம்னா வாய்விட்டுச் சொல்லணும்க்கா. இந்த வருசம் ஜக்காத்து வாங்கறவங்க பட்டியல்ல உங்க பேரையும் சேக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அன்று சாயங்காலம் அமீனா பீவி கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"பொய் சொல்லி யாவாரம் பண்ணலாமா?"

"எந்தக் கடையும் ஒரு நாளைக்கு மூடத்தான் போவுது அமீனா. நான் தேதி போடலையே."

குரு இதையெல்லாம் கேட்டு, வீரம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதை ஒத்திப்போட்டார். இது ஒரு கடையின் தந்திரமாக நின்றுவிடக்கூடாது, இதை ஒரு பொருளாக்க வேண்டும் என்று முடிவு செய்தார். கட்டம் கட்டமாகப் பிரித்தார். முதல் கட்டம், 'இடம் மாறுகிறோம்'. இரண்டாம் கட்டம், 'கடைசி வாரம்'. மூன்றாம் கட்டம், 'கடை மூடுகிறோம்'. இதற்கு மேலும் வேகம் வேண்டுவோருக்கு 'மூடிவிட்டோம்' என்று ஒன்று இருந்தது. அதைத் திறந்திருக்கும் கடையில்தான் கட்ட வேண்டும்.

யூனுஸ் பாயின் கடையில் கூட்டத்தைப் பார்த்த எதிர்க்கடைக்காரர் வந்தார். அவரைப் பார்த்துப் பாத்திரக்கடைக்காரர் வந்தார். பலகாரக் கடையில் 'எல்லாம் போக வேண்டும்' என்று கட்டினார்கள். லட்டைப் பொறுத்தவரை அது எப்போதும் உண்மைதான். மாடியில் இருந்த ஜோதிடர் 'கடைசி நாள்கள்' என்று ஒன்றை அடித்துத் தொங்கவிட்டார். படியேறி வந்தவர்கள் யாருக்கு என்று கேட்டார்கள்.

ரமணி இப்போது கணவரோடு பேச ஆரம்பித்திருந்தார். செய்வது சரியில்லை என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் ஆடி மாதத்தில் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு எந்த முதலாளிக்குச் சண்டை போட மனம் வரும்? "எழுத்துப் பிழை இல்லாம இருக்கட்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

புரட்டாசி வந்தபோது சாலையில் மூடாத கடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டுதான் இருந்தன. பேருந்தில் போன யாரோ ஒருவர் அந்த வரிசையைப் படமெடுத்து, 'கிள்ளான் லிட்டில் இந்தியாவின் முடிவு' என்று எழுதி முகநூலில் போட்டார். ஈப்போவிலும் ஜொகூரிலும் இருந்தவர்கள் அழும் முகங்களோடு அதைப் பகிர்ந்தார்கள். அரை நூற்றாண்டாகக் கிள்ளான் பக்கம் வராதவர்கள்தான் அதிகமாக அழுதார்கள்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. படத்தைக் கோலாலம்பூர் மொத்த வியாபாரிகளும் பார்த்தார்கள். தீபாவளிச் சரக்குக் கேட்டு யூனுஸ் போன் செய்தபோது, எப்போதும் பணத்துக்கு 'அப்புறம் பார்த்துக்கலாம் பாய்' என்கிற வியாபாரி, "முழுப் பணத்தையும் கையில வச்சிட்டு ஏத்திக்குங்க பாய். தப்பா நெனைக்காதீங்க, கடைய மூடறீங்க" என்றார். போனை வைத்த கையோடு யூனுஸ் வாசலைப் பார்த்தார். கட்டடத்தின் உரிமையாளர் அங்கிள் வோங், பபள் டீ என்ற குளிர்பானம் விற்கும் கம்பெனியின் சட்டை போட்ட இரண்டு இளைஞர்களோடு நின்றுகொண்டிருந்தார். ஒருவன் கையில் அளவு நாடா.

"பாய், யூ குளோசிங், ஒய் நெவர் டெல் மீ?"

"நோ லா அங்கிள்! திஸ் ஒன்லி மார்க்கெட்டிங்!"

"பேனர் சோ பிக் லா. மை டாட்டர் இன் ஆஸ்திரேலியா ஆல்சோ சீ."

இளைஞர்கள் அதற்குள் பட்டுப்புடவை அலமாரி இருந்த சுவரை அளந்து, அங்கே குளிர்ப்பெட்டி வைக்கலாம் என்று மலாயில் பேசிக்கொண்டார்கள். தாத்தா உட்கார்ந்திருந்த இடத்தில் கல்லாவை வைக்கலாமா, ஸ்ட்ரா வைக்கலாமா என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

யூனுஸ் வேர்த்து விறுவிறுத்து ரமணியின் கடைக்கு ஓடிவந்தார்.

"தம்பி, பொய்யாத்தான்யா மூடறேன்னேன்! நெசமாவே மூட வச்சிடுவானுங்க போலருக்கே!"

குரு பதறவில்லை. மேசையில் ஒரு விரலால் கோடு இழுத்தார். "இதான் பாய் நாலாவது கட்டம்."

"என்னா நாலாவது கட்டம்?"

"'கடை மூடவில்லை'னு ஒரு பேனர். பழசவிடப் பெருசா."

பக்கத்தில் இருந்த ரமணி கணவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. கொஞ்சம் வியப்பும் இருந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் இந்த மனிதருக்குள் இப்படி ஒருவர் இருந்தது அவருக்குத் தெரியாது.

ஒரு வாரத்தில் சாலை முழுக்க 'மூடவில்லை' ஏறியது. 'மூடவே மாட்டோம்' என்றது பாத்திரக்கடை. ஜோதிடர் தமக்கு நீண்ட ஆயுள் இருப்பதாக அடித்துக்கொண்டார். போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "ஏன்டி இவ்ளோ சத்தமா சொல்றாங்க? ஏதோ இருக்கு" என்று பேசிக்கொண்டு போனார்கள். கடை ஆரம்பித்த நாளிலிருந்து ரமணி பார்த்திராத வருமானம் அந்த மாதம் வந்தது. நிச்சயமற்ற காலத்தில் லாபகரமான வளர்ச்சி எப்படி வரும் என்று குரு கண்டுபிடித்துவிட்டார். காலம் போதுமான அளவு நிச்சயமற்று இல்லையென்றால் அந்த நிச்சயமின்மையைக் கொஞ்சம் அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

தீபாவளிக் கூட்டம் வழக்கம்போல் வந்தது. அது வருடா வருடம் வருவதுதான் என்றாலும், அந்தத் தடவை அதற்குக் குருவும் வணிகர் சங்கமும் தனித்தனியே பெருமை எடுத்துக்கொண்டார்கள். அங்கிள் வோங்கும் வந்து கூட்டத்தைப் பார்த்தார். பபள் டீக்காரர்களை அனுப்பிவிட்டார். வியாபாரம் இவ்வளவு நன்றாக நடப்பதால் வாடகையை ஏற்றிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு அப்புறம் குருவுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று நீலக் கோட்டுப் பயிற்சியாளரிடமிருந்து. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அடுத்த பயிலரங்கு நடக்கிறது, அதில் வெற்றிக் கதையாகக் குரு வந்து பேச வேண்டும். இன்னொன்று போனில் வரவில்லை, நேரில் வந்தது. ராசிக் வந்து நின்றார்.

ராசிக், யூனுஸ் பாயின் கடைக்கு அடுத்து பைக்கடை வைத்திருந்தவர். நாற்பது வயது. பள்ளிப் பை, பயணப் பெட்டி, கைப்பை. ஊரே போனில் பை வாங்க ஆரம்பித்த பிறகு அவர் கடைக்கு வருகிறவர்கள் பையைத் தூக்கிப் பார்த்து, படமெடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். குருவின் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் எல்லாம் அவரும் கட்டிப் பார்த்திருந்தார்.

"அண்ணே, கடைய மூடறேன்."

"எந்தக் கட்டம் ராசிக்?" குரு பேனாவை எடுத்தார்.

"கட்டம் இல்லண்ணே. மூடறேன்."

"அதான், மூணாவதா, இல்ல..."

"அண்ணே." ராசிக் கண்ணாடி மேசையில் இரண்டு கையையும் வைத்தார். "நெசமாவே மூடறேன். மச்சான் பூச்சோங்ல சாப்பாட்டுக்கட வச்சிருக்காரு. கல்லாவுல உக்கார வரச் சொல்லிட்டாரு. இருக்கற சரக்க வித்துட்டுப் போவணும். ஒரு பேனர் வேணும். எல்லாரும் நம்பற மாதிரி."

குரு பேனாவைக் கீழே வைத்தார். அதுவரை அவர் அடித்த நூற்றுக்கணக்கான 'மூடுகிறோம்'களில் ஒன்றுகூட ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து அடித்ததில்லை. ரமணி எழுந்து வந்து ராசிக்குக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பேனரை ஏற்றினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெரிந்தவர்கள் ராசிக்கின் முதுகில் தட்டி, "நீயுமா? பலே!" என்றார்கள். ஒரு பெண் பயணப் பெட்டியை உருட்டிப் பார்த்துவிட்டு, "நாலாவது பேனர் போடறப்ப இன்னும் கம்மியாவும்ல, அப்ப வரேன்" என்று பெட்டியை வைத்துவிட்டுப் போனார். ராசிக் "நாலாவது இல்லக்கா" என்று சொன்னது அவர் காதில் விழவில்லை.

அந்த வாரம்தான் குரு கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார். கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. கட்டங்களைப் படம் போட்டுக் காட்டினார். கைதட்டல் வந்தது. நான்காம் கட்டத்தைச் சொன்னபோது சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். அதோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

"ஒரு விசயம் எனக்குத் தெரியல" என்றார். "எங்க தெருவுல ஒருத்தர் நெசமாவே கடைய மூடறார். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நாங்க பண்ணதுதான். நான் பண்ணது. அவர எப்படி நம்ப வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. உங்க யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க."

எல்லோரும் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள்.

பயிற்சியாளர் மேடைக்குப் பாய்ந்து வந்து குருவின் கையைத் தூக்கிப் பிடித்தார். "இது கேள்வி! மூடுவதையும் ஒரு பிராண்டாக்குவது எப்படி? இதுதான் நம் உயர்நிலை வகுப்பு! இன்றே பதிகிறவர்களுக்குச் சலுகை!"

வெளியே மேசையில் வரிசை நின்றது. குரு கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்தார். உள்ளே ஆட்டிறைச்சி வாசம் வந்தது. பசி இருந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

ராசிக்கின் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. குரு காலையிலேயே போய் அவர் கடை வாசலில் நின்றுகொண்டார். போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்தார்.

"நெசமாவே மூடறாருங்க. இன்னிக்கோட சரி. சத்தியமா சொல்றேன்."

ஒரு பெரியவர் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பேனர் கடைக்காரர்தானே?" என்று கேட்டுவிட்டு நடந்தார். குரு, ரமணி கொடுத்தனுப்பிய கருப்புக் காப்பியைக் குடித்துக்கொண்டு ராசிக்கோடு படியில் உட்கார்ந்தார்.

"பரவால்ல விடுங்கண்ணே" என்றார் ராசிக். "மிச்சத்த மச்சான் வீட்டு ஸ்டோர்ல போட்டுக்கறேன்."

மதியத்துக்கு மேல் லோரி வந்தது. ராசிக் சொல்லிவைத்திருந்த லோரி, சாமான்களைப் பூச்சோங்குக்கு ஏற்றிப்போக. ஆட்கள் இறங்கி முதலில் கண்ணாடி அலமாரியைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு அக்காள் நின்றார்.

"ஐயோ, நெசமாவா மூடறாங்க?"

இரண்டாவது அலமாரி வெளியே வந்தபோது இருபது பேர் நின்றார்கள். லோரியில் ஏற்றிய பெட்டியை ஒருவர் எட்டிப் பிடித்து, "இது எவ்ளோ தம்பி?" என்றார். பின்பக்கத் தட்டியை இறக்கி வைத்து ராசிக் அதிலிருந்தே விற்க ஆரம்பித்தார். பள்ளிப் பைகள் தலைக்கு மேல் கைமாறின. அலமாரி விலைக்குப் போனது. ராசிக் உட்கார்ந்திருந்த முக்காலியை ஒரு தாத்தா வாங்கிக்கொண்டு, வாங்கியதும் அதிலேயே உட்கார்ந்தார். அலமாரியைத் தூக்கி வந்த ஆளின் இடுப்புப் பையைக்கூட ஒருவர் விலை கேட்டார். ராசிக் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். லோரி கிட்டத்தட்டக் காலியாகத்தான் பூச்சோங்குக்குப் போனது.

கடையைப் பூட்டிவிட்டு ரமணியும் வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். குரு லோரி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு எதையோ கூட்டிக் கழித்தது.

"ரமணி..."

"வாயத் தொறக்காதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"உங்க கண்ணு சொல்லுது."

குரு வாயைத் திறக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, இது உண்மை. திங்கட்கிழமை தாமரையின் அழகு நிலையத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். வீரம்மா உட்காரச் சொல்லவில்லை, ஆனால் தண்ணீர் கொடுத்தார். அந்த மாதமே பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆள்களைக் குறைத்த பிறகு பத்திரங்கள் குவிந்துவிட்டனவாம். ஒப்பந்த அடிப்படையில், முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில், அதே மேசைக்கு வர முடியுமா என்றார்கள். போனார். அதற்கும் அங்கே ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள், அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை அவர் வீட்டில் இருந்தபோது ரமணி போன் செய்தார். குரல் கொதித்தது.

"யூனுஸ் பாய் கட வாசல்ல லோரி நிக்கிது! ரெண்டு ஆளு பீரோவ முன்னால ஏத்தறாங்க, பின் சந்து வழியா எறக்கிக் கடைக்குள்ள கொண்டுபோறாங்க. மறுபடியும் ஏத்தறாங்க. நீங்கதான சொன்னீங்க?"

"சத்தியமா இல்லமா! அன்னிக்கு ராசிக் கட வாசல்ல அவரும்தான் கையக் கட்டிக்கிட்டு நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு."

"இன்னிக்கு நான் போயி நாலு வார்த்த கேக்கலன்னா என் பேரு ரமணி இல்ல."

குரு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். சந்துக்குள் நுழைந்தபோது ரமணி எதிரே வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் பெரிய பெரிய பைகள்.

"கேட்டியா? என்னா சொன்னாரு?"

ரமணி பைகளைக் கீழே வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பருத்திப் பொடவ. நல்ல கழிவு போட்டிருக்காரு" என்றார். "லோரி கெளம்பறதுக்குள்ள எடுத்துக்கச் சொன்னாரு."